மத்தியான நூடுல்ஸ்

அனுசூயா யார் வீட்டுக்குப் போனாலும் அதிகம் பேசமாட்டாள். சுவரோரம் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருப்பாள். ஆனால் திரும்பி வரும்போது, அந்த வீட்டில் காலையில் என்ன தாளித்தார்கள், எண்ணெய் புதிதா பழையதா, பால் எப்போது பொங்கி வழிந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். "வேவு பார்க்கவா போனே?" என்று மணிவாசகம் கேலி செய்வான். "மூக்கு தானா பார்க்குது, நான் என்ன செய்ய?" என்பாள்.

அம்பாசமுத்திரத்தில் எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. பெரிய பெண்ணான பிறகு பள்ளிக்கூடம் அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இஞ்சினியர் மாப்பிள்ளை வந்து, கல்யாணமாகி, கையில் குழந்தையோடு மாண்ட்ரியல் வந்து இறங்கினாள். அங்கே கார்ட்டியர்வில் பகுதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சி மாடி அவர்களுடையது. கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டுவாள். "போன்ஷூர்", "மெர்சி" என்ற இரண்டு பிரெஞ்சுச் சொல்லையும் ஒரு சிரிப்பையும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படி நடு மாடியின் முன்தளத்தோடு முடிந்துவிடும். அந்தத் தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு. ஒன்று நடு மாடி வீட்டுக்காரருடையது. இன்னொன்றைத் திறந்தால் மரப்படி. அதில் ஏறினால் அனுசூயாவின் சமையலறை. இரும்புப் படியில் யார் கால் வைத்தாலும் இரண்டு வீட்டிலும் கேட்கும்.

ஒலிம்பிக் அரங்கத்தை அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் மகள் கோமதி தப்பான கதவுக்குள் நுழைய ஆரம்பித்தாள்.

கோமதிக்கு எட்டு வயது. மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகவேண்டும். நடு மாடி வீட்டு கேரனும் அவளும் ஒரே வகுப்பு. கேரனின் அம்மா திருமதி ஹமாதா, ஜப்பானியப் பெற்றோருக்கு இந்த நாட்டிலேயே பிறந்தவள். வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டு, கோட்டுகளுக்கு உள்துணி தைத்துக்கொடுப்பவள். ஒரு நாள் கேரன் கூப்பிட்டாள் என்று கோமதி அங்கே சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

"ஏட்டி, சோறு போட்டு வச்சிருக்கேன், பாரு."

"பசிக்கலம்மா."

"அங்க என்ன சாப்பிட்டே?"

"நூடுல்ஸ்."

"நூடுல்ஸ்னா?"

"நூடுல்ஸ்னா நூடுல்ஸ்தாம்மா! நீளமா, சூடா, சூப்புல. உறிஞ்சிச் சாப்பிடணும். சத்தம் போட்டாலும் கேரன் அம்மா திட்டமாட்டாங்க."

அனுசூயா மகளின் கழுத்துத் துண்டை வாங்கி ஆணியில் மாட்டுவதுபோல் மோந்து பார்த்தாள். பூண்டு, இஞ்சி. எள்ளெண்ணெய், ஆனால் நம் நல்லெண்ணெய் இல்லை. எள்ளை யாரோ கருகும் வரை வறுத்து ஆட்டிய மாதிரி ஒரு வாசனை. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. இனிப்பும் உப்பும் சேர்ந்து, பழைய ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல. அது எதுவென்று அவள் மூக்குக்குப் பிடிபடவில்லை. ஒரு வாசனை அவளை இப்படி ஏமாற்றியதே இல்லை.

அன்று சாயங்காலம் புவாண்ட்-கிளேர் ஆபீசிலிருந்து வந்த மணிவாசகத்திடம் சொன்னாள்.

"சூப்புன்னா கோழி இல்லாமலா இருக்கும்?" என்றான் அவன். "சைவ வீட்டுப் பிள்ளை அங்க என்னத்தத் தின்னுட்டு வருதோ! இனிமே போகக்கூடாதுன்னு சொல்லிரு."

"சொன்னா வருவா. வந்து தட்டு முன்னால உக்காந்து சோத்தைக் கிண்டிக்கிட்டு இருப்பா."

"பின்ன என்ன செய்யணுங்கிறே?"

"அவளா மேல ஏறி வரணும்" என்றாள் அனுசூயா. "நீங்க அந்தச் சீனாக்காரங்க கடைப் பக்கம் போனா எனக்கு அந்த நூடுல்ஸ் நாலு வாங்கிட்டு வாங்க."

"சரியாப் போச்சு! அம்மாவும் மகளும் சேர்ந்து மாறிட்டீங்களா?" என்றான். ஆனால் வாங்கி வந்தான்.

பொட்டலத்தைத் திறந்தால் உள்ளே சுருள் சுருளாக ஒரு கட்டி. கூடவே ஒரு வெள்ளிக் காகிதப் பொடி. பொடியைக் கிழித்து மோந்ததுமே தெரிந்துவிட்டது, கோழிதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதைக் குப்பையில் போட்டாள். மீதியைப் பார்த்தால் சேமியா மாதிரி இருந்தது. சேமியாவுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொறுக்கி, நெய்யில் வறுத்தாள். அது ஏற்கெனவே எண்ணெயில் பொரித்த பண்டம் என்பது சட்டியில் நெய் தேங்கி நின்ற பிறகுதான் புரிந்தது. உப்புமா என்று கிண்டி இறக்கியதை மணிவாசகம் ஒரு வாய் வைத்துவிட்டு, "அனு, இது வடையா உப்புமாவா?" என்று கேட்டான்.

அடுத்த முறை நொறுக்கவில்லை. பருப்புத் தண்ணீரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, கொதித்ததும் முழுக் கட்டியை உள்ளே விட்டாள். வாசனை நன்றாகத்தான் இருந்தது. இறக்கும்போது ஒரு கரண்டி ருசி பார்த்தாள், மோசமில்லை. அவளுக்கு எல்லா வேலையும் காலையிலேயே முடிந்தாகவேண்டும். குளித்து, சோறு குழம்பு பொரியல் எல்லாம் வைத்து, முருகன் படத்துக்குக் காட்டி, கணவனுக்கு டப்பாவில் போட்டுக் கொடுத்து, அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்தால்தான் அன்றைக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். அவள் அம்மா அப்படி, அத்தை அப்படி. அதன்பிறகு அடுப்பு ஏறுவது சாயங்காலம்தான். ஆகவே நூடுல்ஸும் காலையிலேயே தயாராகி, மூடி போட்ட பாத்திரத்தில் மகளுக்காகக் காத்திருந்தது.

கேரனுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று கோமதி நேரே மேலே வந்தாள். மூடியைத் திறந்தாள். தண்ணீர் ஒரு சொட்டில்லை. எல்லாவற்றையும் குடித்துவிட்டு நூடுல்ஸ் விரல் மொத்தத்துக்கு ஊதியிருந்தது. கரண்டி விட்டால் கரண்டி நின்றது.

"அம்மா, இது செத்துப்போச்சும்மா."

"வாயைப் பாரு! சூடு பண்ணித் தாரேன்."

"கேரன் வீட்டுல இப்படி இருக்காது. அது வேற" என்று சொல்லிவிட்டு, தயிர்ச்சோற்றை நாலு வாய் தின்றுவிட்டு ஓடிப்போனாள்.

அது வேற. அந்த வார்த்தை அனுசூயாவை அன்று முழுவதும் விடவில்லை. என்ன வேற? அதே கட்டி, அதே தண்ணீர். கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. தரைக்குக் கீழே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் அந்தச் சட்டியும் இருக்கிறது. ஒரு கதவைத் தட்டினால் தெரிந்துவிடும். ஆனால் மாண்ட்ரியல் வந்ததிலிருந்து அவள் தானாகப் போய் எந்தக் கதவையும் தட்டியதில்லை.

கோமதியின் கோட்டுப் பையில் கேரனுடைய சிவப்புக் கையுறை ஒன்று கிடந்தது. கேரன் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த அன்று, மத்தியானம் ஆகப்போகும் நேரத்தில், அனுசூயா அதை எடுத்துக்கொண்டு மரப்படி இறங்கினாள். நடு மாடிக் கதவு முன் நின்று, திரும்பி ஏறிவிடலாமா என்று யோசித்தாள். குளிர் காதைக் கடித்ததால் தட்டினாள்.

திருமதி ஹமாதா வாயில் ஊசியோடு கதவைத் திறந்தாள். கையுறையைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, "உள்ளே வாங்க, உள்ளே வாங்க, குளிருது!" என்று இழுக்காத குறையாக உள்ளே அழைத்தாள். இருவரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டார்கள். அனுசூயாவின் இங்கிலீஷ் ஒரு நேரத்துக்கு ஒரு சொல்லாக வந்தது.

"கோமதி... நூடுல்ஸ்... எப்படி?"

"ஓ! நீங்க அதைப் பார்க்க வந்தீங்களா? பாருங்க, பாருங்க. ஒண்ணும் ரகசியமில்லை."

அடுப்பில் இரண்டு பாத்திரம். ஒன்றில் வெறும் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இன்னொன்றில் பழுப்பு நிறத்தில் ஏதோ சன்னமாகச் சூடாகிக்கொண்டிருந்தது. அனுசூயாவின் மூக்கு அதன் பக்கம் திரும்பியது. திருமதி ஹமாதா கரண்டியால் அள்ளிக் காட்டினாள்: முந்தின நாளே ஊறப்போட்ட காய்ந்த காளான், தோல் பட்டை மாதிரி ஒரு கடற்பாசித் துண்டு. இறைச்சி இல்லை. பிறகு ஒரு ஜாடியைத் திறந்து நீட்டினாள். சோயா பயற்றை உப்புப் போட்டுப் புளிக்கவைத்த விழுது. அனுசூயா குனிந்து மோந்ததும் சிரித்துவிட்டாள். இத்தனை நாள் ஏமாற்றிய வாசனை இதுதான்.

"கோழி... பொடி?" என்று கேட்டாள்.

திருமதி ஹமாதா அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். அதற்குள் கிழிக்காத வெள்ளிக் காகிதப் பொடிகள் நிறைந்திருந்தன.

"உங்க பொண்ணு முதல் நாளே சொல்லிட்டா. மூக்கைப் பொத்திக்கிட்டு, 'எங்க வீட்டுல இது ஆகாது'ன்னா. முட்டையும் வேணாம்னா. நல்லாப் பேசறா அவ! எனக்குத் தூக்கி எறிய மனசு வரலை. எங்க அம்மா எதையுமே எறிய விடமாட்டாங்க."

அனுசூயா அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைக் கோமதி ஏன் வீட்டில் சொல்லவில்லை? என்ன சாப்பிட்டே என்று கேட்டேனே தவிர, என்ன வேண்டாம்னு சொன்னே என்று நான் கேட்கவில்லையே என்று தோன்றியது.

திருமதி ஹமாதா கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்தாள். வெங்காயத் தாளை நறுக்கினாள். பூண்டையும் இஞ்சியையும் அந்தக் கருத்த எள்ளெண்ணெயில் வதக்கிச் சாற்றில் கொட்டினாள். எல்லாம் ஆயிற்று. பிறகு போய்த் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. நூடுல்ஸ் கட்டிகள் பிரித்தபடி மேடையில் கிடந்தன. மறந்துவிட்டாளோ? சொல்லலாமா? ஊர் பேர் தெரியாத வீட்டில் போய் அடுப்பைப் பற்றிச் சொல்வதா? அனுசூயா தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"தண்ணி... கொதிக்குது" என்றாள் கடைசியில்.

திருமதி ஹமாதா தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை. ஒரு விரலைக் காதில் வைத்துக் காட்டினாள்.

அனுசூயாவும் காது கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கீழே இரும்புப் படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். உடனே திருமதி ஹமாதா எழுந்து கட்டிகளைக் கொதிநீரில் போட்டாள். பிள்ளைகள் தளத்தில் பனியை உதறி, பூட்ஸைக் கழற்றி, கோட்டைக் கழற்றி, யார் முதலில் கை கழுவுவது என்று சண்டை போட்டு முடிப்பதற்குள், நூடுல்ஸ் வெந்து, வடிந்து, கிண்ணத்தில் இறங்கியிருந்தது. கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டி விழுது, அதன்மேல் சாறு, நூடுல்ஸ், வெங்காயத் தாள், கொஞ்சம் மக்காச்சோளம், ஒரு துண்டு வெண்ணெய். விழுதை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடவில்லை என்பதை அனுசூயா கவனித்தாள். நுரை கட்டியதும் ரசத்தை இறக்கிவிடுகிறோமே, அதே சங்கதி.

"அம்மா! நீ எப்படி இங்க?" என்று கோமதி கத்தினாள்.

"சாப்பிடு. ஆறிரும்" என்றாள் அனுசூயா.

அவளுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சாற்றை ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாள். கோமதி உறிஞ்சிய சத்தத்தில் தையல் இயந்திரம் தோற்றிருக்கும். கிளம்பும்போது திருமதி ஹமாதா ஒரு பிடி காளானையும் கடற்பாசித் துண்டையும் சின்ன ஜாடியில் விழுதையும் கையில் திணித்தாள். ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு மரப்படி ஏறியவளுக்கு, அதைவிட அந்தக் காதில் வைத்த விரல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் மணிவாசகம் கிளம்பும்போது மேடை துடைக்காமல் கிடந்தது.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் அடுப்பு ஏத்தணும்."

"மத்தியானமா? நீயா?" என்று அவன் முருகன் படத்தைப் பார்த்துச் சொன்னான், அவரைச் சாட்சிக்கு அழைப்பதுபோல. கோழிப் பொடி டப்பாவைப் பற்றி அவள் சொன்ன நாளிலிருந்து, போகக்கூடாது என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை.

காளான் ஊறிய தண்ணீரோடு துவரம்பருப்பு வேகவைத்த தெளிவைச் சேர்த்தாள். பூண்டும் இஞ்சியும் வதக்கினாள். வெள்ளை எள்ளை வறுத்து அரைத்து விழுதோடு குழைத்தாள். நாலு மிளகு தட்டிப் போட்டாள். அது அவள் கைச் சேர்க்கை. ருசி பார்த்தபோது, கீழ்வீட்டுச் சாறு மாதிரியும் இருந்தது, இந்த வீட்டுச் சாறு மாதிரியும் இருந்தது. இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது.

கோமதியிடம் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மேலே வா என்று கூப்பிட்டால் வருவாள். கூப்பிட்டு வருவது கணக்கில்லை என்று அனுசூயாவுக்குப் பட்டது. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. சமையலறைக் கதவை அகலத் திறந்து நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். குளிர் காலைப் பிடித்தது. சாற்றின் ஆவி மரப்படி வழியாகக் கீழே இறங்கட்டும் என்று, பாத்திரத்தை வாசலோரம் ஸ்டூல்மேல் தூக்கி வைத்து மூடியையும் எடுத்துவிட்டாள். கீழே தளத்துக் கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து ஒன்று உண்டு. வழக்கமாக அதில் துணி அடைத்திருப்பாள். அன்று துணியை உருவிவிட்டிருந்தாள்.

கையில் ஒரு கட்டி நூடுல்ஸோடு அடுப்பின் முன் நின்றாள்.

இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தளத்தில் வந்து நின்றது. பனியை உதறும் சத்தம். பிறகு நடு மாடிக் கதவு கிறீச்சிட்டது. அது ஹமாதா வீட்டுக் கதவுதான். அந்தக் கிறீச்சு அவளுக்கு நன்றாகத் தெரியும். கையிலிருந்த கட்டியை மேடையில் வைக்கப் போனாள்.

"ஏ கேரன், நில்லு, நில்லு!" கோமதியின் குரல் இங்கிலீஷில் உரக்கக் கேட்டது. "வாசனை உங்க வீட்டுலேர்ந்து வரலை. மேலேர்ந்து வருது! இது எங்க வீடு!"

இன்னொரு கதவு திறந்தது. மரப்படியில் கால்கள் ஏறின. ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி. பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை, கழுதைகள்.

அனுசூயா கட்டியைக் கொதிநீரில் போட்டுவிட்டு, அவசரமாக இன்னொரு பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள்.