நைனா தேடிய மஞ்சள் ஸ்கார்ஃப்

சீனாவில் நான் டாக்டருக்குப் படித்த ஊரில் ஒரு கால்பந்து கிளப் இருந்தது. அதன் வரலாறு எங்கள் ஊர் செஞ்சியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் முழுசாகத் தெரிந்திருந்தது. அது என் நைனா. மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர், பந்தைக் காலால் தொட்டுக்கூட அறியாதவர்.

சிங்கவரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே மானாவாரிக் கொல்லையை விற்றுத்தான் என்னை அனுப்பினார். என் ஹாஸ்டல் அந்த கிளப்பின் மைதானத்துக்குப் பின்னால் இருந்தது. முதல் வருடம் ஒரு சனிக்கிழமை, கூடப் படித்த பெண்கள் என்னை மேட்ச் பார்க்க இழுத்துப் போனார்கள். கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப் கட்டிவிட்டார்கள். வடக்குப் பக்க கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து கத்தினேன். அதை நைனாவிடம் போனில் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

அடுத்த வாரமே மொபைல் கடைக்காரரிடம் கேட்டு, அந்த மேட்ச் போனில் எங்கே வரும் என்று கண்டுபிடித்துவிட்டார். அங்கே இரவு ஏழரை என்றால் இங்கே சாயங்காலம் ஐந்து. கமிட்டியிலிருந்து வந்து, கால் கழுவி, போனை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஆட்டத்தைப் பார்க்கமாட்டார். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போது மட்டும் திரையை மூக்குக்கிட்டே கொண்டுபோவார்.

"பாத்துட்டன்மா! மஞ்ச துணி கட்டிக்னு குதிக்கிற!"

அன்று நான் போகவேயில்லை. அனாடமி புத்தகத்தைப் பார்த்து ஹாஸ்டலில் அழுதுகொண்டிருந்தேன்.

"தெனம் வீடியோ கால்ல பாக்கறியே நைனா, அங்க எதுக்குத் தேடற?"

"போன்ல எப்பவும் அழுவுற மாரியே இருக்குற. அங்கதான் சிரிக்கிற."

"ஆமா நைனா, நான்தான்" என்றேன்.

யார் யாரையோ கேட்டு கிளப்பின் கதையையும் தெரிந்துகொண்டார். ரயில் பட்டறைத் தொழிலாளிகள் வேலை முடிந்து ஆடிய டீம் அது. சம்பளத்துக்கு ஆடும் லீக் வந்ததும் ஒரு சிகரெட் கம்பெனி வாங்கியது, பிறகு ஒரு சாராயக் கம்பெனி, பிறகு அடுக்குமாடி கட்டுகிறவர்கள். வாங்கியவன் எல்லாம் தன் கம்பெனி பெயரை வைத்தான், சட்டையின் நிறத்தை மாற்றினான். சிவப்பு நீலமாகி, நீலம் மஞ்சளானது. எனக்கே குழம்பும், நைனாவுக்குக் குழம்பாது.

"நம்ம கோட்ட மாரிதாம்மா. மராட்டியன் வந்தான், நவாப்பு வந்தான், பிரெஞ்சுக்காரன் வந்தான், வெள்ளக்காரன் வந்தான். ஆளாளுக்கு அவன் பேர வச்சிக்னான். மலை அங்கியேதான இருக்குது."

கேட்டுச் சிரித்தேன்.

மூன்றாம் வருடம் கிளப்பை விற்றார்கள். வாங்கியவன் அதைப் பெயர்த்து, ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போகிற துறைமுக ஊருக்குக் கொண்டுபோனான். சட்டை மட்டும் மஞ்சளாகவே இருந்தது. எங்கள் ஊர் மைதானத்தின் கேட்டுக்கு முன்னால் நரைத்த ஆம்பளைகள் நின்று அழுததை ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

நைனா போன் செய்தார். "மறுபடியும் பேர மாத்திட்டானுங்களாமே?"

"ஆமா நைனா."

"மாத்திக்கட்டும். நீ அதே எடத்துலதான குந்துற?"

கிளப் ஊரை விட்டே போகும் என்பது செஞ்சிக்காரருக்கு எப்படித் தோன்றும்? நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் பரீட்சையில் பெயிலாகி, ஒரு வருடம் திரும்பப் படிக்க வேண்டும் என்று வந்திருந்தது. மேட்சைப் பற்றிப் பேசினால் நைனா பரீட்சையைப் பற்றிக் கேட்கமாட்டார். வேறு ஒரு காரணமும் இல்லை.

"அதே எடம்தான் நைனா."

நான் மிதித்தே இராத ஓர் ஊரில், இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் அவர் என்னைத் தேடினார். பல நாள் கண்டுபிடிக்கவும் செய்தார்.

பிறகு வாங்கியவனும் திவாலானான். ஒரு பக்க அறிவிப்போடு கிளப்பைக் கலைத்துவிட்டார்கள். அதை எனக்குச் சொன்னதே நைனாதான், சாவுச் சேதி சொல்கிற குரலில். "கலச்சிட்டாங்களாம்மா. இனிமே உன்ன எங்க பாக்கறது?"

அந்த வருடமே கமிட்டியில் மூட்டையோடு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. கொரோனா என்று விமானம் நின்றிருந்த நேரம். சாவு வீட்டில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நைனா என்னைத் தேடிய அதே அளவுத் திரையில் நான் நைனாவைப் பார்த்தேன். பொய் சொன்ன வாயால்தான் அழுதேன். என்னை நானே காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

படிப்பை எப்படியோ முடித்துவிட்டு வந்தேன். இங்கே டாக்டராக வேலை செய்வதற்கான பரீட்சை இன்னும் தேறவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளினிக்கில் டோக்கன் எழுதுகிறேன். போன மாதம் அம்மா நைனாவின் பழைய போனைக் கொண்டுவந்தாள். "இதுல எல்லாம் உன் போட்டோதான். போன் செத்துடப் போவுது, வேற எதுலனா ஏத்திக்குடு."

எல்லாம் மேட்சிலிருந்து நிறுத்தி எடுத்த படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் முகத்தைச் சுற்றி சிவப்பு வட்டம். ஒருத்தி கண்ணாடி போட்டிருந்தாள், ஒருத்தி இடுப்பில் குழந்தை வைத்திருந்தாள். கிளப் கலைந்த பிறகும் படங்கள் இருந்தன. பழைய மேட்சுகளைப் போட்டுத் தேடியிருக்கிறார். அவற்றில் ஸ்கார்ஃப் நீலம். அந்த வருடங்களில் நான் செஞ்சியில் பத்தாவது படித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். தெரியாமல் தேடினாரா, தெரிந்தே தேடினாரா, இனி யாரைக் கேட்பது?

அம்மாவிடமாவது சொல்லிவிடுவது என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஒரு படத்தில் விரல் வைத்தாள். நீல ஸ்கார்ஃப் கட்டிய பெண், வாயெல்லாம் சிரிப்பு.

"இதத்தான் கமிட்டில எல்லாருக்கும் காட்னாரு. எம்பொண்ணு எப்டி சிரிக்குது பாருன்னு. நீதான?"

"நான்தாம்மா."

"பெருசு பண்ணி, உங்க நைனா போட்டோவுக்கு எதுர்க்க மாட்டு. பாத்துக்னே இருக்கட்டும்."

மாட்டியிருக்கிறேன்.