கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காதுகுத்து

அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். நைரோபியிலிருந்து வந்த என் சேக்காளி. அவளுடைய ஏழு வயதுப் பெண். மாடி வீட்டு ஆபீசர். நாங்கள் தாராவியிலிருந்து கூட்டிப் போன நகை ஆசாரி. நான். வாசல் நிலைக்கு வெளியே என் அண்ணன், கையில் ஒரு தகர டப்பாவுடன். ஆபீசரின் மனைவி பிறகுதான் வந்தாள். அவள் முதலிலேயே வந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

டப்பாவில் ஒரு ஜோடி கம்மல் இருந்தது. சிவப்புக்கல் கம்மல். அந்த டப்பா இப்போது என் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது.

சேக்காளியும் நானும் தாராவியில் ஒரே சால் குடியிருப்பில் அடுத்தடுத்த அறையில் வளர்ந்தவர்கள். அவள் அப்பாவும் என் அண்ணனும் ஒரே தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள். அவள் தின்ற சோறும் கட்டிய துணியும் அந்தக் குழியிலிருந்து வந்தவை. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணத்தில் அண்ணன் முறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். என் அண்ணன் நின்றான். மாப்பிள்ளைக்கு ஆப்பிரிக்காவில் ரயில்வே வேலை. உலகச் சண்டைக்கு முந்திய வருஷம் கப்பல் ஏறினாள். துறைமுகத்தில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒன் மடில வச்சித்தாண்ணே எம்பிள்ளைக்குக் காது குத்துவேன். அதுவரைக்கும் ஊசி படாது" என்றாள். ஊசி படாமல் பார்த்துக்கொண்டது மட்டும் உண்மை.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். கம்மலும் மாமன்தான் கொண்டுவர வேண்டும். மடி கொடுத்தவன் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மாமன். சடங்குக்கும் கல்யாணத்துக்கும் சீர் அவன் செய்வான். அவனுக்குப் பையன் இருந்தால் அவன் முறை மாப்பிள்ளை. ஏதோ நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிற காரியம் இல்லை. பெண் பிறந்திருக்கிறாள் என்று நைரோபியிலிருந்து கடிதம் வந்த அன்றே அண்ணன் பீடியை விட்டான். இரண்டு வருஷம் கழித்துக் கம்மல் வந்தது. சண்டை முடிந்து கப்பல் ஓடும் வரை அது டப்பாவில் இருந்தது. அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. முறை என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

வந்தவள் கிங்ஸ் சர்க்கிளில் அறை எடுத்துத் தங்கினாள். எங்களைப் பார்க்க ஒரு முறை விக்டோரியா குதிரை வண்டியில் தாராவி ரோடு வரை வந்தாள். இறங்கவில்லை. மூக்கில் கைக்குட்டை. பிறந்து வளர்ந்த இடத்து நாற்றம் எட்டு வருஷத்தில் அவளுக்குப் புதிதாகிவிட்டது. பெண் இறங்கப் பார்த்தது. கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். வாசனைச் சோப்பு.

"அண்ணன்கிட்ட குடுட்டி. ஞாயித்துக்கிழமை இதப் போட்டுக் குளிச்சிட்டு வரச் சொல்லு. கம்மல மறந்துராம."

அவன் தினமும் குளிக்கிறவன்தான் என்றேன். கோபித்துக்கொள்ளாதே, அங்கே பெரிய ஆட்கள் இருப்பார்கள் என்றாள்.

சோப்பைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் வியாழக்கிழமையிலிருந்து தேய்த்தான். சுண்ணாம்பு தின்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். சோப்புதான் கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்து போகும்போது, பிள்ளை திமிறினால் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஆசாரியிடம் கேட்டான். "ஏழு வயசுன்னா அது பிள்ள இல்ல அண்ணாச்சி, கன்னுக்குட்டி. உம்ம மூக்கப் பத்திரமாப் பாத்துக்கிடும்" என்றார் ஆசாரி. அண்ணன் சிரித்தான். அவன் பல்லை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மாடிப்படியில் அந்தப் பெண் நின்றிருந்தது. குட்டைக் கவுன், காலில் பூட்ஸ். அதன் தமிழ் கல்லும் மண்ணுமாக வந்தது. அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "நீங்கதான் மாமாவா? மம்மி கப்பல்ல சொன்னாங்க" என்றது. அண்ணன் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து அவள் வந்தாள். "அவர் நம்ம ஊர் ஆளும்மா. உள்ள வா" என்றாள். கப்பலில் மாமனாக இருந்தவன் கிங்ஸ் சர்க்கிளில் ஊர் ஆள் ஆகிவிட்டான்.

மணையில் ஆபீசரை உட்காரச் சொன்னாள். பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர், ஒன்றும் தெரியாதவர். அவருடைய தம்பிக்குக் கீழேதான் நைரோபியில் இவள் புருஷன் வேலை பார்த்தான். பிள்ளையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாள். அண்ணனைப் பார்த்து, கம்மலை ஆசாரியிடம் கொடுத்துவிட்டு அப்படி நில்லு என்றாள். கம்மல் இவனுடையது வேண்டும். மடி வேண்டாம். ஆசாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் டப்பாவைத் திறந்து நீட்டினான். அவர் ஒரு கம்மலை மட்டும் எடுத்தார்.

வலது காது ஆயிற்று. பிள்ளை கத்திய கத்தலில் மாடியிலிருந்து ஆபீசர் மனைவி இறங்கி வந்தாள். ஆசாரி வழக்கம்போல, மாமன் சீர்த் தட்டு எங்கே என்று கேட்டார். என்ன தட்டு என்றார் ஆபீசர். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன்னா, எழுந்திருங்கோ. மாமன் மடின்னா என்னன்னு தெரிஞ்சுண்டா உட்கார்ந்தேள்? ஆத்துல ரெண்டு பையன்கள் இருக்கா."

"பிடிச்சுக்கோங்கோன்னா. பிடிச்சேன்" என்றார் அவர். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மணை காலி. சேக்காளி வாசலைப் பார்த்தாள். "அண்ணே, நீ வந்து உட்காருண்ணே."

என் அண்ணன் அவளைப் பிறந்ததிலிருந்து ஏட்டி என்றுதான் கூப்பிட்டவன். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"ஒரு காதுக்கு ஒரு மாமன், மறு காதுக்கு இன்னொரு மாமன்னு கிடையாதும்மா. நீங்க ஒங்க சவுரியப்படி பாத்துக்கிடுங்க."

டப்பாவை மூடினான். படியிறங்கிப் போய்விட்டான். அவள் ஜன்னல் வரைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தன் மடியிலேயே வைத்து இடது காதையும் குத்தச் சொன்னாள். போடக் கம்மல் இல்லை. ஆசாரி வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகினார்.

இலை போட்டார்கள். நான் சாப்பிட்டேன். அண்ணன் வெறும் வயிற்றோடு தாராவிக்கு நடந்துகொண்டிருந்தான். நான் பாயசம் இரண்டாம் முறை வாங்கினேன். அவளைக் கேவலமாகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். ஆனாலும் சொல்கிறேன். கிளம்பும்போது அந்தப் பெண் குச்சியைத் தொட்டுக்கொண்டே வந்தது. "இன்னொண்ணு மாமாகிட்டயா இருக்கு?" என்றது. அந்த அறையில் அவனை மாமா என்று சொன்னது அது ஒன்றுதான். ஆமாம் என்றேன்.

மீதிச் சோப்பில் நான் கரித்துணி துவைத்தேன். சேக்காளியின் கடிதம் ரொம்ப வருஷம் கழித்து வந்தது, அண்ணன் செத்துப்போன பிறகு. பெண்ணுக்குக் கல்யாணமாம். அவள் அந்த ஒற்றையை விடாமல் வைத்திருக்கிறாளாம். மற்றதை அனுப்பினால் ஜோடி சேர்ந்துவிடும் என்று எழுதியிருந்தாள். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. பெண் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன். கேட்டது தாய். நான் பதில் எழுதவில்லை.

இதை எழுதுமுன் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூடி துருப்பிடித்துவிட்டது. கல் மங்கவில்லை.

கம்மல் ஒன்று.