உமாதேவி வீட்டு டிவி வாய் திறந்தது

ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் பார்க்க உட்கார்ந்தால், உமாதேவியின் கட்டைவிரலுக்கு மட்டும் லீவு கிடையாது. திரையில் ஒரு பெண் கண் கலங்கி ஏதோ சொல்வாள். ஒரு எழுத்தும் விளங்காது. உமாதேவி சத்தத்தைக் கூட்டுவாள். அடுத்த நொடி ஒரு லாரி வெடித்துச் சிதறும், ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். பதறிப்போய்க் குறைப்பாள். அதற்குள் அந்தப் பெண் மறுபடியும் உதட்டை அசைக்கத் தொடங்கியிருப்பாள்.

மகள் தென்றல் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போகும்போது வாங்கிக் கொடுத்த டிவி அது. பென்னலூர் வீட்டின் கூடத்துச் சுவரில் அவளே ஆள் வைத்து மாட்டி, படம் பார்க்கிற ஆப்புகளையெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. பேச்சுதான் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

உமாதேவி ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கிற கம்பெனியில் கடைசிச் சோதனை மேஜையில் நிற்பவள். ஒரு ஒயர் தப்பான இடத்தில் மாட்டியிருந்தால், சரிசெய்து அனுப்பிவிட்டு அடுத்ததைப் பார்க்கிற ரகம் இல்லை. எங்கே தப்பு நடந்தது என்று லைன் நெடுக நடந்துபோய், அதைச் செய்த ஆளின் முன்னால் நின்று சிரிப்பாள். சூப்பர்வைசர்களுக்கு அவளைப் பிடிக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் அவள் மேஜையை விட்டு நகர்ந்தாலே தங்கள் ஒயர்களை இன்னொரு தரம் சரிபார்ப்பார்கள். ஆனால் வீட்டு டிவி விஷயத்தில் அவள் அப்படி நடந்துபோய்ப் பார்க்கவில்லை. எல்லா டிவியும் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அவள் கணவன் தசரதன் பிரஸ் ஷாப்காரர். இரும்புத் தகட்டை அடித்துக் கார்க் கதவாக்குகிற இடத்தில் நெடுங்காலமாக நிற்பவர். சேர்ந்த புதிதில் காதில் வைக்கக் கொடுத்த பஞ்சடைப்பானைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவர். படம் ஓடும்போது ஒவ்வொரு வசனத்துக்கும், "இன்னா சொன்னான்?" என்பார். உமாதேவி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் ஓடிவிடும். "உங்க காத கொண்டுபோய்க் காட்டுங்க" என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"என் காது நல்லாத்தான் கீது. உன் டிவிக்குத்தான் வாய் சரியில்ல."

கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். படம் ஆரம்பித்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். நகைச்சுவைக் காட்சியில் தனியாகச் சிரிப்பது உமாதேவிக்கு என்னவோபோல் இருந்தது. பாதிப் படத்தில் அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவாள்.

இந்த நேரத்தில்தான் பக்கத்துப் போர்ஷனுக்கு வனமாமலை குடிவந்தான். நாங்குநேரிப் பக்கத்து ஆள். டயர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். எல்லோரும் விழித்திருக்கிற நேரம்தான் அவனுக்குத் தூக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் அவன் கட்டில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாரி வெடித்த கையோடு கதவு தட்டப்பட்டது. கண் சிவந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு வனமாமலை நின்றான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று உமாதேவி தயாரானாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஒங்க வீட்டுல குண்டு போட்டா எங்கட்டிலு ஆடுது. நான் நெஜமாவே பூகம்பம்னு நெனச்சு வெளிய ஓடியாந்துட்டேன்."

அவன் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. உமாதேவிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. "ஐயோ தம்பி, போய் படு. இனிமே வராது" என்று சொல்லி அனுப்பினாள். சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. சத்தம் குறைத்தால் வீட்டுக்காரருக்குக் கேட்காது. கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் தெருவுக்கு ஓடிவருவான்.

மறுவாரம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் சக்திகுமார் அவள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். "சவுண்டு பத்தலையா? கவலைய வுடுங்க" என்று ஒரு ஹோம் தியேட்டரைக் காட்டினார். இரண்டு உயரமான ஸ்பீக்கர்கள், கூடவே தரையில் வைக்கிற பெரிய கறுப்புப் பெட்டி. அன்று மாலையே ஆட்டோவில் வந்து இறங்கியது.

போட்ட முதல் பாட்டிலேயே கறுப்புப் பெட்டி தும் தும் என்று அடித்ததில் தசரதன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "இப்போ பேச்சு கேக்குதா?" என்று உமாதேவி கத்தினாள். "எங்க பேச்சு? மேளம்தான் கேக்குது!" சொல்லி வாய் மூடவில்லை, கதவு தட்டப்பட்டது. வனமாமலை, கையில் ஒரு முருகர் காலண்டர்.

"ஆணியோட வந்துட்டுக்கா" என்றான், வருத்தமாக.

அன்றைக்குத்தான் உமாதேவிக்குத் தொழில் புத்தி திரும்பியது. கோளாறு எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல், முடிகிற இடத்தில் நின்று கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே கோபப்பட்டாள். ஹோம் தியேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, டிவியை ஓடவிட்டு, அதன் பின்பக்கம் கையை நுழைத்துப் பார்த்தாள். சுவருக்கும் டிவிக்கும் நடுவே விரல்கள் அதிர்ந்தன. ஸ்பீக்கர் பின்னாலும் அடியிலும்தான் இருந்தது. அவர்களைப் பார்த்துப் பேச வேண்டிய டிவி, வனமாமலையின் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த லீவு நாளில் வனமாமலையையே உதவிக்குக் கூப்பிட்டாள். "நீ போய் உன் கட்டில்ல படுத்துக்கோ. போன்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

"தூங்கிட்டேன்னா?"

"அப்போ ஜெயிச்சுட்டோம்னு அர்த்தம்."

தசரதனும் அவளும் டிவியைக் கழற்றித் தெருப்பக்கச் சுவருக்கு முன்னால் ஒரு மர ஸ்டாண்டில் வைத்தார்கள். லாரி வெடிக்கிற இடத்தை ஓடவிட்டாள். "இப்போ?" "கேக்கு. ஆனா ஆடல." ஸ்டாண்டுக்கு அடியில் பழைய ஜமுக்காளத்தை மடித்து வைத்தாள். "இப்போ?" "மீன்காரன் சத்தந்தான் கேக்கு." அதற்குப் பிறகு போனில் பதிலே வரவில்லை. குறட்டை மட்டும் வந்தது.

பாதி வேலை முடிந்தது. பேச்சு இன்னும் அமுங்கித்தான் இருந்தது. ஹோம் தியேட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, இந்த முறை சக்திகுமாரை முழுசாகக் கேட்க வைத்தாள். பேச்சு கேட்கவில்லை, வெடிச் சத்தம் மட்டும் அதிகம், ஒரு பக்கம் பிரஸ் ஷாப் காது, ஒரு பக்கம் நைட் ஷிஃப்ட். அவர் தலையைச் சொறிந்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பெட்டிய உங்க தலையில கட்டியிருக்க மாட்டேங்க்கா. படத்துக்குள்ள சவுண்டுன்னு ஒரு எடம் வரும், அதுல தமிழ்னு ரெண்டு தடவ போட்டிருக்கா?"

"ஆமா. ஒண்ணுல பக்கத்துல அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு கீது."

"அது தியேட்டர் மாதிரி சுத்தி ஸ்பீக்கர் வச்சிருக்கறவங்களுக்கு. பேச்செல்லாம் நடு ஸ்பீக்கருக்குன்னு தனியா அனுப்புவாங்க. உங்க வூட்ல நடு ஸ்பீக்கரே இல்ல. வெறும் தமிழ்னு போட்டத வையுங்க. டிவி செட்டிங்ல பேச்சு தெளிவா கேக்கறதுக்குன்னு ஒண்ணு இருக்கும், அதையும் போடுங்க. பத்தலைன்னா இத எடுத்துட்டுப் போங்க." ஒரு முழ நீளத்துக்குக் கம்பு மாதிரி இருந்த சவுண்டு பாரை எடுத்து வைத்தார். தரைப்பெட்டி இல்லாதது. டிவிக்கு முன்னால், உட்கார்கிறவர்களின் முகத்தைப் பார்த்து வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகச் செய்தாள். வெறும் தமிழுக்கு மாற்றியதுமே கதாநாயகியின் குரல் கிணற்றிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை ஏறியது. பேச்சுத் தெளிவைப் போட்டதும் வெளியே குதித்தது. கம்பு ஸ்பீக்கரை இணைத்தபோது, பின்னணியில் யாரோ தேநீர் ஆற்றுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. அதுவும் முன்பு வைத்த சத்தத்தில் பாதிகூட வைக்காமலே.

வாசலில் இருந்த தசரதன் தலையைத் திருப்பினார். திரையில் ஒரு ஆள் மாமியார் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தான். அவர் எழுந்து உள்ளே வந்தார். செல்போனைப் பையில் போட்டார். அந்த ஆள் தப்பான வீட்டுக்குள் நுழைந்து சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும், தசரதன் வெடித்துச் சிரித்தார். உமாதேவிக்கு நகைச்சுவை காதில் விழவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றார் தசரதன் வெற்றியோடு. "காது காதுன்னு சொன்னியே. டிவிக்குத்தான் கோளாறு."

"சரி, நீங்கதான் கரெக்ட்டு" என்று அவள் விட்டுக்கொடுத்தாள். வாதாடுகிற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

அவர் தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கி எழுந்து வனமாமலையும் படம் பார்க்க வர ஆரம்பித்தான். தசரதனை அவன் அண்ணாச்சி என்றழைத்தான். ஒரு நாள் மர்மப் படம். இருட்டில் ஒருத்தி கொலைகாரன் பெயரைக் காதோடு காதாகச் சொல்கிறாள். "அட, அவனா!" என்று வனமாமலை துள்ளினான். உமாதேவி வாயில் கை வைத்தாள்.

தசரதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டிவியைக் குறை சொல்ல இப்போது வழி இல்லை. அது நன்றாகப் பேசுகிறது என்று ஊரெல்லாம் சொன்னவரே அவர்தான். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்:

"உமா, நாளைக்கு லீவு போட முடியுமா உனக்கு? ஒரு காது டாக்டர போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"போடறேங்க" என்றாள். அதற்குமேல் ஏதாவது சொன்னால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம்.

காஞ்சிபுரத்தில் டாக்டர் சோதித்துவிட்டு, மெல்லிய சத்தங்கள்தான் கேட்காமல் போயிருக்கின்றன, காதில் மெஷின் வைத்தால் பெரும்பாலும் சரியாகும் என்றார். கம்பெனியில் கிண்டல் செய்வார்களே என்று தசரதன் தயங்கினார். வைத்துக்கொண்டு போன முதல் நாள், பிரஸ் ஷாப்பில் சேர்ந்த காலத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர் டீ நேரத்தில் அவரைத் தனியே அழைத்து, எந்த டாக்டர் என்று மெதுவாக விசாரித்தார்கள். மெதுவாகக் கேட்டதுகூட அவர் காதில் விழுந்தது.

அந்த ஞாயிறு மூவரும் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தசரதன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

"ஏன் உமா, நீ படம் பூராவும் பேசிக்கினேதான் இருப்பியா?"

"இத்தினி வருஷமா பேசிக்கினுதான் கீறேன். உங்களுக்கு இப்பத்தான் வந்து சேருது."

வனமாமலை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். அவள் பேச்சை நிறுத்தவில்லை. படத்தில் வருகிற அப்பாவை முதல் காட்சியிலேயே நம்பியிருக்கக் கூடாது என்றாள். தசரதன் அதற்கு மறுப்புச் சொன்னார். அவள் அவருக்கு மறுப்புச் சொன்னாள். படம் நின்றது நின்றபடி இருக்க, இரண்டு பேரும் அந்த அப்பா நல்லவனா கெட்டவனா என்று விடாமல் வாதாடினார்கள். வனமாமலை எழுந்துபோய் மூன்று டம்ளரில் தேநீர் போட்டுக்கொண்டு வந்தான்.