குழாய் வளைவும் கால் கிலோ மிளகாயும்

என் தென்னந்தோப்புக்குப் போகும் தண்ணீர்க் குழாய் ஒரே மாதத்தில் மூன்று தடவை உடைந்தது. மூன்று தடவையும் ஒரே இடம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் குழாய் திரும்புகிற வளைவு. குழாய் உடைவது அதிசயமில்லை. ஆனால் தானாக உடைகிற குழாய்க்கு அவர் வேலி எப்படித் தெரியும்?

அவர் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி. அண்ணன் மனைவி முறையில் என்னை நங்கை என்று கூப்பிடுகிறவர். குழாய் பதிக்கும்போதே, "என்ற வேலியை ஒட்டித்தான் போவோணுமாக்கு?" என்று முகம் சுளித்தார். நான் எதையும் மறக்கிறவளில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் வீட்டுக்காரர் போன பிறகு இந்தத் தோட்டத்தை ஒருத்தியாக நின்று பார்க்கிறேன்.

வெள்ளகோவில் பக்கம் தண்ணீர் லேசுப்பட்ட சமாச்சாரமில்லை. மேட்டுத் தொட்டியிலிருந்து கீழே ஓடிவருகிற தண்ணீரை நம்பித்தான் மரங்கள் நின்றன. மூன்றாம் தடவை தொட்டித் தண்ணீர் முழுவதும் அவர் சோளக்காட்டில் பாய்ந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவது என்று. களவு கொடுத்தவர்கள் செய்கிற காரியம் அது. பூசிவிட்டால் குற்றம் செய்தவர் உடம்பு எரியும்; திரும்ப எடுக்க முடியாது. கால் கிலோ வரமிளகாயைத் துணியில் முடிந்து வைத்தேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறப்போவதாகப் பால்காரரிடம் சொன்னேன். ஊருக்குத் தெரிய அது போதும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பங்காளியின் மருமகள் வந்தாள். மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள். தூது விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். காப்பி கொடுத்தேன். நம்பிக்கை கொடுக்கவில்லை.

"அத்தைங்க, தண்ணி பாச்சி முடிச்சா எப்படிங்க நிறுத்துவீங்க?"

"வால்வு கைப்பிடியை ஒரே இழுப்பு, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு வந்துருவேன். உன்ற மாமனாராட்டத் தடவிக்கிட்டு நிக்கமாட்டேன்."

"முன்னால திருகுற வால்வுதானுங்களே இருந்துச்சு?"

"பத்துப் பன்னெண்டு சுத்துச் சுத்தோணும். துருவேறிப் போச்சு. போன மாசந்தான் இதை மாட்டுனோம்."

"குழாய் ஒடைய ஆரம்பிச்சது?"

அதுவும் போன மாதத்திலிருந்துதான்; காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். போலீஸ்காரர் கேட்பது போல இருந்தது.

"ஓடற தண்ணிக்கு எடை இருக்குது, வேகமும் இருக்குதுங்க. ரெண்டையும் பெருக்குனா உந்தம். நிறுத்தோணும்னா அத்தனையும் கரையோணும். மெல்லக் கரைஞ்சா விசை கொஞ்சம். வெடுக்குனு கரைஞ்சா அதே உந்தம் சம்மட்டியாட்ட அடிச்சுப்போடும். விசையையும் நேரத்தையும் பெருக்குனா கணத்தாக்குன்னு பாடத்துல வருதுங்க."

"பாடம் எழுதுனவங்களுக்கு உன்ற மாமனாரைத் தெரியுமா அம்மணி?"

அவள் சிரித்தாள். "ஓடற கன்னுக்குட்டியை எப்படிங்க புடிப்பீங்க? கயித்தை எட்டிப் புடிச்ச ஒடனே நின்னுக்குவீங்களா?"

"கூடவே நாலடி ஓடித்தான் நிறுத்தோணும். இல்லாட்டி உள்ளங்கைத் தோல் உரிஞ்சு போயிரும்."

சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் கன்றுக்குட்டி வேறு, தண்ணீர் வேறு. மிளகாய்க்குப் பயந்து பாடம் நடத்துகிறார்களோ?

"உன்ற மாமனாரையே வரச்சொல்லு. அவரே வால்வை மூடட்டும். நான் வளைவுல கைய வெச்சுப் பாக்கறேன்" என்றேன். அவர் கை வால்வில் இருந்தால் குழாயில் இருக்காது. என் கணக்கு அது.

அவர் வந்தார்; மூன்று பேரும் தோப்புக்குப் போனோம். முதலில் மெல்ல மூடச் சொன்னேன். உள்ளங்கையில் குளிர்ச்சி தவிர ஒன்றுமில்லை. திரும்பத் திறந்து தண்ணீர் நன்றாக ஓடியதும், "இப்ப என்னையாட்ட ஒரே இழுப்பா மூடுங்க" என்றேன்.

"நங்கை, தள்ளி நில்லுங்க."

"ஏனுங்க, பயமா?"

இழுத்தார். குழாய்க்குள் உலக்கை விழுந்த மாதிரி 'டம்' என்றது. வளைவு என் கைக்குள் துள்ளியது. முந்தாநாள் ஒட்டிய இணைப்பு பிளந்து தண்ணீர் முகத்தில் அறைந்தது. வேலியோரம் என்னைத் தவிர யாருமில்லை. அவர் இருபதடி தள்ளி, கைப்பிடியை விடாமல் நின்றார்.

"நான் ஒடைக்கலீங்க! நீங்க சொல்லித்தானுங்க மூடுனேன்!"

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்ததும் மிளகாய் முடிச்சுதான் கண்ணில் பட்டது. குழாயை உடைத்தவர் உடம்பு எரியட்டும் என்றல்லவா மறுநாள் அரைத்திருப்பேன்? மூன்று தடவையும் வால்வை இழுத்தது என் கை.

வெள்ளிக்கிழமை நான் பஸ் ஏறவில்லை. மிளகாயைச் சாமான் டப்பாவில் கொட்டினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரிடம் சொல்லவில்லை; திருகுகிற வால்வையே மறுபடி மாட்டச் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் இப்போதெல்லாம் நான் தண்ணீரை நிறுத்தப் போனால் அவர் வேலியோரம் வந்து நிற்கிறார். என் கையையே பார்க்கிறார். நான் பன்னிரண்டு சுற்றும் முடிக்கும் வரை நகர்வதில்லை.