கடைக்குள் மட்டும் நடந்த குதிரைக்குட்டி

குளிர் மலையூரான நரீனின் சந்தையில் ஜூராகானைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் வீட்டில் இதுவரை எந்தச் சாமானும் கெட்டுப்போனதில்லை என்று அர்த்தம். வயது ஐம்பத்தாறு. ஒரு பழைய கன்டெய்னர் பெட்டிதான் கடை. உள்ளே கரி அடுப்பு எப்போதும் தகதகவென்று எரியும். தலைநகரத்தில் ரேடியோத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் ஈயத்தை உருக்கிக் கம்பி ஒட்டும் சால்டர் பிடித்தவள். ஆலையை இழுத்து மூடியதும் அழுது புலம்பாமல் ஊருக்கு வந்து கடை போட்டாள். சிறியவர்கள் எல்லாரும் அவளை எஜே என்பார்கள், அக்கா என்று அர்த்தம். கைவேலையில் குறை சொல்ல முடியாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கெட்டுப்போன சாமானைக்கூடத் திட்டித் திட்டித்தான் சரிசெய்வாள்.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கடை திறந்ததுமே மீரிம் ஓடிவந்தாள். பத்து நிமிட நடையில் அவள் வீடு. கையில் பேட்டரிக் குதிரைக்குட்டி. மூக்கை அழுத்தினால் கனைத்துக்கொண்டு நடக்கிற சாதி.

"எஜே, காப்பாத்துங்க! இன்னிக்கு ரெண்டு மணிக்கு என் பையன் பெக்தூருக்குக் கால்கயிறு வெட்டற விசேஷம். காலைல முற்றத்துல வெச்சு அழுத்துனேன், செத்த மாதிரி கெடக்கு!"

"குதிரை நடக்கலைன்னா என்ன? கால்ல கட்டின கயிறை வெட்டினதும் நடந்து காட்ட வேண்டியது உன் பையன்தானே?"

"அவன் இது பின்னாடி மட்டும்தான் எஜே நடப்பான்! ஒண்ணே முக்கால் வயசாச்சு. டாக்டர் ஒண்ணும் இல்லைங்கறார். என் நாத்தனார் கும்பல்தான் கால்ல கோளாறுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுது. இன்னிக்கு எல்லாரும் வர்றாங்க."

சொல்லும்போதே மீரிமுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜூராகானுக்கு மனசு கேட்கவில்லை. நாலு திருகாணியைக் கழற்றி, அடுப்புப் பக்கமாக வைத்துப் பார்த்தாள். பேட்டரிக் கம்பி ஒன்று லேசாக ஆடியது. சால்டர் வைத்து மூடி, மூக்கை அழுத்தினாள். குட்டி கனைத்துக்கொண்டு மேஜை ஓரம்வரை நடந்தது.

"போ, போய் மாவு பிசை" என்றாள் பெருமையாக.

அரைமணி கழித்து மீரிம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். முற்றத்தில் வைத்தால் அசையவில்லையாம். ஜூராகான் வாங்கி அடுப்பருகே வைத்து வேறு சாமானை ஒதுக்கிவிட்டு வந்து அழுத்தினாள். கனைத்தது.

"அழுத்தத் தெரியலைன்னு சொல்லேன்!"

"அழுத்தி அழுத்தி விரலே வீங்கிப்போச்சு எஜே!"

எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளிருந்த சர்க்யூட் போர்டின் எல்லா இணைப்புகளையும் மறுபடி சால்டர் வைத்துக் கொடுத்தாள். மூன்றாவது முறை மீரிம் அதே குட்டியோடு, கூடவே மகளையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றபோது எதிர்க்கடை கூபாத் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? போனுக்கு உறை விற்கிறவன்.

"எஜே, பேசாம விசேஷத்தை உங்க கடையிலயே வெச்சுக்கச் சொல்லுங்க!"

"உன் வாய்க்கு ஒரு உறை போட்டுக்கடா! பேட்டரி குளிர்ல படுத்திருக்கும்னு சொல்லுவே, அதானே? மீட்டர் வெச்சுப் பார்த்துட்டேன், ஜம்முனு இருக்கு."

திட்டினாளே தவிர, அவன் சொன்னது மண்டைக்குள் குடைந்தது. கடைக்குள் நடக்கிறது, முற்றத்தில் நடக்கவில்லை. உள்ளே அடுப்பு. வெளியே எச்சில் துப்பினால் கீழே விழுவதற்குள் உறைந்துவிடும். சே, வெப்பத்தில் வைத்துக்கொண்டே கோளாறைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்! குட்டியை வாசலில் பனிமேல் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு காவல் நின்றாள். கால் மணி கழித்து அழுத்தினாள். குட்டி மூச்சுவிடவில்லை.

அங்கேயே, விரல் விறைக்க விறைக்கத் திருகாணியைக் கழற்றினாள். பேட்டரி மின்சாரம் போர்டுவரை வந்தது. மோட்டாருக்கு நேராகக் கொடுத்தால் சுற்றியது. மூக்குப் பொத்தானுக்கு அடியில் போர்டில் இரண்டு செம்புக் கோடுகள் இருந்தன. இடுக்கியால் இரண்டையும் சேர்த்துத் தொட்டாள். கனைத்தது! அப்படியென்றால் போர்டு நல்ல போர்டு, பொத்தான்தான் தொடவில்லை. ரப்பர் பொத்தானைப் புரட்டினாள். மஞ்சளாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"அடிப்பாவி, நெய்! கடைச் சூட்டுல உருகி வழிவிடுது. குளிர்ல உறைஞ்சு கல்லாயிடுது. குதிரைக்கு யாரு நெய் ஊட்டுனது?"

மீரிமின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அவள் மகள், ஐந்து வயது அல்தினாய், மெதுவாகத் தலையை நீட்டினாள்.

"சித்தி வீட்டுல புதுப் பாப்பா வாயில நெய் வெச்சாங்கல்ல? இதுவும் புதுசு. இதுக்கு மட்டும் யாருமே வெக்கலை..."

மீரிம் கையை ஓங்கினாள். ஜூராகான் குறுக்கே வந்துவிட்டாள்.

"தொட்டே, குதிரையைத் தர மாட்டேன்! புது உயிர் வந்தா வாயில நெய் வெக்கணும்னு நாமதானே செஞ்சு காட்டறோம்? குழந்தைக்கு இருக்கற ஈரம் உனக்கு இல்லையே!"

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து இரண்டு முறை துடைத்தாள். பனியில் மறுபடி வைத்து, மறுபடி அழுத்தினாள். கனைத்தது. கூபாத் கைதட்டினான். ஜூராகான் கடையைப் பூட்டிவிட்டு, தானே குட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாலாவது முறை அலைய யாரால் முடியும்?

மீரிம் வீட்டு முற்றத்தில் கூட்டம். பெக்தூரின் கால்களில் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளிக் கயிறு. பிள்ளைகள் தெருமுனையிலிருந்து பந்தயமாக ஓடிவந்தார்கள். முதலில் வந்த பையன், இனிக் கால் தடுக்காமல் நடக்கட்டும் என்று, வழக்கப்படி கயிற்றை வெட்டினான். நாத்தனார் கும்பல் கழுத்தை நீட்டியது. ஜூராகான் குட்டியைக் கம்பளத்தில் விட்டாள். அது கனைத்துக்கொண்டு நடக்க, பெக்தூர் பின்னாலேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிவைத்தான். மீரிம் ஜூராகானின் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாலாவது அடியில் குட்டி யாருடைய பூட்ஸிலோ முட்டிக் குப்புற விழுந்தது. பெக்தூர் நின்றான். கால் உதைத்துக்கொண்டிருந்த குட்டியைக் குனிந்து பார்த்தான். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போனான். தட்டில் குவித்திருந்த பொரித்த ரொட்டியை நோக்கி, யார் துணையும் இல்லாமல், நாத்தனார்களின் வரிசையைத் தாண்டி, விடுவிடுவென்று நடந்தான்.

மீரிம் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஜூராகானுக்கும் கண்ணில் நீர், ஆனால் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அட எமகாதகா! நீ ரொட்டிக்கு நடப்பேன்னு காலைலயே சொல்லியிருந்தா, நான் போர்டு பூரா சால்டர் வெச்சிருப்பேனாடா?"