ராணிக்கு முன்னால் ஒரு பிள்ளையார் சுழி

எங்கள் முதியோர் எழுத்து வகுப்பை டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் பான் நகருக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். எழுத்தறியாத பெரியவர்களுக்காக உழைக்கும் பக்கத்து நாட்டு ராணிக்கு முன்னால், நான் பலகையில் என் பெயரை ஜெர்மன் எழுத்தில் எழுத வேண்டும்.

ராணி பக்கத்தில் வந்து நிற்கிறார். நான் முதலில் பிள்ளையார் சுழி போடுகிறேன். பிழை என்று நினைத்து ஆசிரியை துணியோடு அழிக்க வருகிறார்.

“சுழியை விட்டிட்டுப் பேரை எழுதுங்கோ, அன்னம் அக்கா. ராணிக்கு நேரமில்லையாம்,” என்கிறாள் மொழிபெயர்க்கும் செல்வி.

“எழுபது வயசில தொடங்கிற எழுத்து, பிள்ளை. சுழி போடாமல் ஏலாது. ராணியெண்டாலும் நிக்கட்டும். அப்பிடியே சொல்லு.”

செல்வி சொல்கிறாள். ராணி ஆசிரியையிடமிருந்து துணியை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்.

சுழிக்குக் கீழே, அவசரப்படாமல், என் பெயரின் ஐந்து ஜெர்மன் எழுத்தையும் எழுதி முடிக்கிறேன்.