சந்தனம் வைத்த கல்

என் மனைவி புனிதாவுக்கு வேலை, கல்லுக்கு அமிலம் ஊற்றுவது. காஜாங் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் எண்ணெய்ப் பொறியியல் விரிவுரையாளர். சுண்ணாம்புப் பாறைக்குள் எண்ணெய் அடைந்துகிடக்கும். அமிலத்தைச் செலுத்தினால் பாறை கரைந்து வழிவிடும். ஆனால் அமிலம் சுத்தச் சோம்பேறி. ஓட்டை உள்ள பாறைக்குள்ளேயே மறுபடி ஓடும், இறுகிய பாறையை ஏறெடுத்தும் பார்க்காது. ஓட்டையை அடைத்து அதைத் திருப்பிவிட ஒரு கூழ் காய்ச்சுவதுதான் பல வருடங்களாக அவள் ஆராய்ச்சி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைவரை கல். எனக்கு எரிச்சலாகத்தான் வரும்.

போன வருடம், ஆராய்ச்சிக்கு உதவும் எண்ணெய் நிறுவனம் கறாராகச் சொல்லிவிட்டது: இந்தச் சோதனையும் தோற்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். சோதனை விஜயதசமி அன்று. முந்தின நாள் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு சோதனைக்கான இரண்டு கற்களையும், ஓட்டைக் கல் ஒன்று, இறுகிய கல் ஒன்று, வைத்து, தாராளமாகச் சந்தனப் பொட்டு இட்டாள்.

“டாக்டருக்குப் பயத்துல பக்தி முத்திப்போச்சு,” என்றேன்.

“சும்மா இருங்க லா!”

காலையில் இரண்டையும் நன்றாகத் துடைத்து எடுத்துக்கொண்டாள். காரில் கொண்டுபோய் விட்ட நான், ஆய்வுக்கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டேன். கூழ் கலந்த அமிலம் ஒரே குழாயிலிருந்து இரண்டு கற்களுக்கும் பாய்ந்தது. முதல்முறையாக இறுகிய கல் வழிவிட்டது!

“ஜெயிச்சிட்டீங்க, டாக்டர்!” நிறுவனத்து அதிகாரி கமலநாதன் எழுந்து கைதட்டினார்.

புனிதா சிரிக்கவில்லை. ஓட்டைக் கல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். துளைகளுக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காதே தாயே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“சார், இது என் கூழ் செஞ்ச வேலை இல்ல. நேத்து சாமிக்கு வச்ச சந்தனம். இறுகின கல்லுல மேலயே நின்னுச்சு, துடைச்சதும் போயிருச்சு. ஓட்டைக் கல்லுல உள்ள இறங்கி அடைச்சிக்கிச்சு. அதான் அமிலம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கு.”

கமலநாதன் உட்கார்ந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

“அப்ப கூழை விடுங்க. சந்தனத்தைப் பாருங்க. இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்குங்க.”

எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. இடுப்பு இடம் தரவில்லை.

அதிலிருந்து வாராவாரம் பூஜைச் சாமான் கடையில் சந்தனம் வாங்குகிறாள். கடைக்கார வீரம்மா அக்கா, “உங்க வீட்டம்மா மாதிரி பக்தி யாருக்கு வரும்?” என்கிறார். நானும் மறுத்துப் பேசுவதில்லை.

இந்த வருட பூஜையில் பொட்டு வைக்க நானே கல்லை எடுத்தேன். புனிதா பாய்ந்து என் கையைப் பிடித்தாள்.

“இருங்க! எவ்வளவுன்னு நிறுத்துட்டு வைங்க.”

அவள் தராசைத் தேடி எடுத்து வரும்வரை, சரஸ்வதியும் நானும் காத்திருந்தோம்.